ஓடினா மூச்சு முட்டுது, பொண்ணு ஓட்டத்த நிறுத்திடணுமா?

கேள்வி: 12 ஜனவரி 2025, இரவு 9:40

பொண்ணுக்கு 15 வயசு. 800 மீட்டர் ஓடுறா. ரெண்டு மாசமா மூச்சு முட்டுதுன்னு பாதியிலேயே நின்னுடறா. டாக்டர் பாத்துட்டு உடற்பயிற்சியால வர்ற ஆஸ்துமான்னு சொல்லி நீல இன்ஹேலர் குடுத்தார். வீட்டுல பெரியவங்க எல்லாரும் "இழுப்பு இருக்கிற பிள்ள ஓடவே கூடாது, நுரையீரல் கெட்டுப்போகும்"னு சொல்றாங்க. அவ ராத்திரியெல்லாம் அழறா. நிறுத்திடறதுதான் நல்லதா?

12 ஜனவரி, இரவு 10:15

நிறுத்தாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

எனக்கு 14 வயசுல இதே வார்த்தையச் சொல்லித்தான் ஓட்டத்த நிறுத்தினாங்க. 1500 மீட்டர் முடிச்சு, கோட்டத் தாண்டி, கூட ஓடின பொண்ணுங்களோட பேசிட்டு நிப்பேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு நெஞ்சச் சுத்தித் துணியக் கட்டி முறுக்கற மாதிரி ஆரம்பிக்கும். அப்புறம் இருமல். அப்புறம் மூச்ச விடும்போது உள்ளேர்ந்து மெல்லிசா ஒரு விசில். எங்க பயிற்சியாளர் "ஓடும்போது நல்லாத்தானே ஓடினே, இப்ப என்ன நடிப்பு?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல. ஓடும்போது நல்லா இருந்து, நின்ன பிறகு இறுகறதுதான் இந்த வியாதியோட அடையாளமே. அது அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. "இவளுக்கு ஸ்டாமினா கிடையாது"ன்னு முடிவாச்சு. 17 வருஷம் நான் ஓடவே இல்ல.

நுரையீரல் கெட்டுப்போகும்கறது தப்பு. ஆஸ்துமாவக் கட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு ஓடினா உடம்பு பழகும். பழகின உடம்புக்கு அதே வேகத்துல ஓடக் குறைச்ச காத்து போதும். காத்து குறைஞ்சா இறுக்கத்தத் தூண்டறதும் குறையும். நிறுத்தினா நடக்கறது இதுக்கு நேர்மாறு, மாடிப்படி ஏறவே பயம் வந்துடும். எனக்கு வந்துச்சு.

பிரிட்டிஷ் ஓட்ட வீராங்கனை பாலா ராட்கிளிஃப் இதே பிரச்சினையோடதான் 2003 லண்டன் மாரத்தான 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில முடிச்சாங்க. அமெரிக்க வீராங்கனை ஜாக்கி ஜாய்னர் கெர்சிக்கு ஆஸ்துமா. 1988 சியோல் ஒலிம்பிக்ல, ஏழு போட்டி சேந்த ஹெப்டத்லான்ல அவங்க எடுத்தது 7291 புள்ளி. உங்க பொண்ணுகிட்ட இத இன்னிக்கு ராத்திரியே சொல்லுங்க.

ஓடறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி டாக்டர் சொன்ன அளவு பஃப் எடுக்கச் சொல்லுங்க.

12 ஜனவரி, இரவு 11:50

மேல கடைசி வரியத் திருத்தறேன். அஞ்சு நிமிஷம் போதாது. நீல இன்ஹேலர்ல இருக்கிற சல்பூட்டமால் முழுசா வேலை செய்ய 10, 15 நிமிஷம் ஆகும். வார்ம் அப் ஆரம்பிக்கறதுக்கு 15 நிமிஷம் முன்னாடின்னு வெச்சுக்குங்க. அந்தக் காப்பு ரெண்டுலேர்ந்து நாலு மணி நேரம் நிக்கும். காலையிலேயே எடுத்துட்டு மதியம் ஓடினா பிரயோஜனம் இல்ல.

13 ஜனவரி, காலை 6:20

ஏன் வருதுன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். எனக்கு இத யாராவது 14 வயசுல சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

சும்மா உக்காந்திருக்கிற ஆள் நிமிஷத்துக்கு ஆறு லிட்டர் போல காத்த உள்ள இழுக்கறார். வேகமா ஓடும்போது அது நூறு லிட்டரத் தாண்டும். உக்காந்திருக்கும்போது மூக்கு அந்தக் காத்தச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ள அனுப்பும். நூறு லிட்டருக்கு மூக்கால ஈடு குடுக்க முடியாது, வாய் தானாத் திறந்துக்கும். காஞ்ச காத்து நேரா மூச்சுக்குழாய்க்குப் போகும்.

குழாயோட உள்சுவர்ல ரொம்ப மெல்லிசா ஒரு நீர்ப்படலம் இருக்கு. காஞ்ச காத்து அதுலேர்ந்து தண்ணிய எடுத்துக்கிட்டே இருக்கு. தண்ணி போகப்போக மிச்சம் இருக்கிற நீர்ல உப்பு அடர்த்தி ஏறுது. அந்தச் சுவர்ல இருக்கிற, ஒவ்வாமையில வேலை செய்யற மாஸ்ட் செல்கள் அந்த உப்பத் தாங்காம ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன்னு குழாய இறுக்கற ரசாயனம் எல்லாத்தையும் கொட்டிடும். அதுல குழாயச் சுத்தி இருக்கிற தசை இறுகுது. உப்பளத்துல நடக்கறதுதான், வெயிலுக்குப் பதிலா மூச்சு. ஆஸ்திரேலியாவுல சாண்ட்ரா ஆண்டர்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் பல வருஷம் இதுலயே இருந்து இந்த விளக்கத்த நிலைநாட்டினாங்க. மேனிட்டால்ங்கற சர்க்கரை மாதிரிப் பொடிய மூச்சுல இழுக்க வெச்சு, ஓடாமலேயே குழாய்ல அதே அடர்த்திய உண்டாக்கிச் சோதிக்கற முறையும் அவங்களோடதுதான்.

சரி, ஓடும்போதே ஏன் இறுகல? ஓடும்போது ஆழமா, வேகமா மூச்சு விடறதே குழாயை விரிச்சு வெச்சிருக்கு. நின்னதும் அந்த விரிப்பு போயிடும், உள்ள கொட்டின சரக்கு மட்டும் மிச்சம் இருக்கும். அதான் நின்ன பிறகு அஞ்சு, பத்து நிமிஷத்துல உச்சத்துக்குப் போய், அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரத்துல தானா அடங்குது. ரொம்ப நேரம் ஓடினா ஓடும்போதே வர்றவங்களும் உண்டு.

இன்னொரு வேடிக்கை. ஒரு தடவை இறுகி அடங்கின பிறகு ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரம் வரைக்கும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மறுபடி அவ்வளவா இறுகாது. வார்ம் அப்ப நடுநடுவுல அரை நிமிஷ ஓட்டமா ஏழெட்டுத் தடவ வெச்சுப் பண்ணச் சொல்றது இந்தச் சலுகைய முன்கூட்டியே வாங்கிக்கத்தான். நான் 15 நிமிஷ வார்ம் அப் இல்லாம இப்ப ஓடறதே இல்ல.

13 ஜனவரி, மதியம் 1:05

"இதெல்லாம் இந்தக் காலத்து வியாதி, அந்தக் காலத்துல யாருக்கு இருந்துச்சு"ன்னு ஒருத்தர். இன்னிக்குத் துருக்கியில இருக்கிற கப்படோக்கியாவச் சேந்த அரெட்டேயஸ்ங்கற கிரேக்க மருத்துவர் ஏறக்குறைய 1900 வருஷத்துக்கு முன்னாடியே ஓட்டத்தாலயும் பயிற்சியாலயும் மூச்சு சிரமமானா அதுக்கு ஆஸ்துமான்னு பேர்னு எழுதி வெச்சிருக்கார். வியாதிக்கு அவர் சொன்ன முதல் அடையாளமே ஓட்டம்தான். இந்தக் காலத்து வியாதி இல்லங்க.

14 ஜனவரி, இரவு 8:30

"பஃப் அடிச்சும் ஒண்ணும் ஆகலை"ன்னு எழுதியிருக்கீங்க. எப்படி அடிக்கறான்னு பக்கத்துல நின்னு பாருங்க. நான் முதல் ஒரு வருஷம் மருந்த நாக்குக்குத்தான் குடுத்துட்டு இருந்தேன்.

பழக்கம் இல்லாதவங்க பண்றது இதுதான்: குலுக்க மறந்து வாயில வெச்சு, அழுத்தி, அதுக்கப்புறம் அவசரமா உறிஞ்சறது. வாய் ஓரத்துல வெள்ளையா புகை வெளிய வந்தா அது நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்து. சரியான முறை இது. நல்லாக் குலுக்கணும். மூச்சு முழுசையும் மெதுவா வெளிய விடணும். உதட்ட இடைவெளி இல்லாமப் பொருத்தி, உள்ள இழுக்க ஆரம்பிக்கற அந்த நொடியில அழுத்தி, அஞ்சு விநாடி நிதானமா இழுத்து, பத்து எண்ணற வரைக்கும் பிடிச்சு வெக்கணும். ரெண்டாவது பஃப்புக்கு அரை நிமிஷம் கழிச்சு மறுபடி குலுக்கணும்.

ஸ்பேசர் வாங்கிக் குடுங்க, இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவுல மாட்டற குழல் அது. சின்னப் பிள்ளைகளுக்கான சாமான்னு அவ கூச்சப்படுவா, நானும் பட்டேன். ஆனா கை அழுத்தறதும் வாய் இழுக்கறதும் ஒரே நொடியில நடக்கணும்கற கவலையே அதுல இல்ல. ஒரு விஷயம், பிளாஸ்டிக் ஸ்பேசர் கழுவினா துணியால துடைக்கக் கூடாது. துடைச்சா நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவர்லயே ஒட்டிக்கும். சோப்பு நீர்ல கழுவி அப்படியே வடிய விடுங்க.

16 ஜனவரி, காலை 7:10

ஓட்டம் ஒத்துக்கலேன்னா நீச்சலுக்கு மாத்துங்க. நீர்மட்டத்துக்கு மேல இருக்கிற காத்து ஈரமானது, வெதுவெதுப்பானது. நான் மேல சொன்ன உப்புக் கணக்கே அங்க வராது. ஆஸ்துமாக்காரங்களுக்கு நீச்சல விட நல்லது கிடையாது.

17 ஜனவரி, இரவு 9:00

நேத்து எழுதினதுல பாதிதான் சரி. போட்டிக்கு நீந்தற ஒருத்தர் தனியா எழுதித் திருத்தினார், அவருக்கு நன்றி. மூடின குளங்கள்ல மூக்கக் குத்தற வாசனை இருக்குல்ல, அது குளோரின் வாசனைன்னு நாம நினைக்கறோம். குளோரின் வேர்வையோடயும் மூத்திரத்தோடயும் சேந்து உண்டாகற குளோரமின்தான் அது. அதுல ட்ரைகுளோரமின் வாயுவா மாறி, நீந்தறவங்க வாய் திறக்கற அதே உயரத்துல, தண்ணிக்குச் சரியா மேல தேங்கும். நாளுக்கு ரெண்டு வேள, வருஷக்கணக்கா அதை இழுக்கற போட்டி வீரர்களுக்கு மூச்சுக்குழாய் அதிகமாத் தூண்டப்படறது தெரிஞ்ச விஷயம். வாரத்துல ரெண்டு நாள் நீந்தறவங்களுக்கு நான் சொன்னது சரிதான். குளத்துக்குள்ள நுழைஞ்சதுமே கண் எரிஞ்சா அன்னிக்குத் திரும்பி வந்துடுங்க.

பனியில நெடுந்தூரம் சறுக்கி ஓடற வீரர்களுக்கும் இந்தத் தொந்தரவு சாதாரண ஜனங்கள விட அதிகம். உறையற குளிர் காத்துல ஈரமே இருக்காது. குளிர்ல ஓடறவங்க மூக்கையும் வாயையும் ஒரு துணியால மறைச்சுக்கிட்டா விடற மூச்சோட சூடும் ஈரமும் துணியில தங்கி அடுத்த மூச்சுக்கு உதவும். துணி நனைஞ்சு ஒட்டும், சங்கடமாத்தான் இருக்கும், ஆனா வேலை செய்யுது.

18 ஜனவரி, மாலை 5:45

இத முதல் நாளே எழுதியிருக்கணும். ஊகத்த விடுங்க, அளந்து பாருங்க.

31 வயசுல ஒரு டாக்டர் என் கையில பீக் ஃப்ளோ மீட்டர் குடுத்தாங்க, மூச்ச எவ்வளவு வேகமா ஊதித் தள்ள முடியுதுன்னு அளக்கற கருவி. ஒரு சாண் நீள பிளாஸ்டிக் குழல், மேல எண் போட்ட கோடு, ஒரு சிவப்பு முள். நின்னுக்கிட்டு, முள்ள அடிக்குத் தள்ளி, மூச்சு முழுசா இழுத்து, உதட்டப் பொருத்தி ஒரே வீச்சுல ஊதணும். முள் "டக்"னு ஒரு இடத்துல நிக்கும். மூணு தடவ ஊதி, மூணுல பெருசு எதுவோ அதத்தான் எழுதணும். அன்னிக்கு அந்த டாக்டர் சொன்னபடி மருந்து எடுக்காம எட்டு நிமிஷம் வேகமா ஓடிட்டு வந்து ஊதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கு. பாத்து எழுதறேன்:

ஓடறதுக்கு முன்னாடி நிமிஷத்துக்கு 430 லிட்டர். நின்ன ஒரு நிமிஷத்துல 435. அஞ்சாவது நிமிஷம் 350. பத்தாவது 335. பதினஞ்சாவது 360. அரை மணியில 405.

430லேர்ந்து 335ன்னா 22 சதவீத இறக்கம். வீட்டு மீட்டர்ல 15 சதவீதத்துக்கு மேல இறங்கினாலே டாக்டர்கிட்ட காட்டணும். அந்த 335 எழுதும்போது கை நடுங்குச்சு, பயத்துல இல்ல. ஒரு சிவப்பு முள் எனக்குச் சாட்சி சொல்லிடுச்சு. நடிப்பு இல்லன்னு.

ஆஸ்பத்திரியில பண்ணற சோதனை இதவிடத் திட்டமா இருக்கும். இதயத் துடிப்பு உச்சத்துல 80 முதல் 90 சதவீதத்துக்குப் போற மாதிரி ஆறுலேர்ந்து எட்டு நிமிஷம் ஓட வெப்பாங்க, மூக்குக்குக் கிளிப் போட்டு. அப்புறம் அரை மணி வரைக்கும் விட்டு விட்டு ஸ்பைரோமெட்ரி, அதாவது மெஷின்ல ஊத வெச்சு மூச்ச அளக்கற சோதனை. முதல் விநாடியில ஊதித் தள்ளற காத்தோட அளவு, எஃப்.இ.வி.1ன்னு சொல்லுவாங்க, அது 10 சதவீதமோ அதுக்கு மேலயோ இறங்கினா உறுதி. அன்னிக்கு நீல இன்ஹேலர் எடுத்துட்டுப் போகக் கூடாது, காபி கூடாது, முன்னாடி ஓடியிருக்கவும் கூடாது. எத எத்தன மணி நேரம் நிறுத்தணும்னு அங்கயே சொல்லுவாங்க.

உங்க பொண்ணுக்கு இந்தச் சோதனை பண்ணாங்களா? பண்ணலேன்னா கேட்டு வாங்குங்க. எப்ப முட்டுது, எவ்வளவு நேரத்துல சரியாகுது, சத்தம் இழுக்கும்போதா விடும்போதான்னும் எழுதுங்க.

21 ஜனவரி, இரவு 10:40

உங்க பதிலையும் நீங்க எழுதின விவரத்தையும் மூணு தடவ படிச்சேன். முதல் நாள் நான் ரொம்ப அவசரப்பட்டு என் கதைய உங்க பொண்ணு மேல போத்திட்டேன். மன்னிச்சுக்குங்க.

நீங்க எழுதினது: கடைசி 200 மீட்டர்ல, முழு வேகத்துல இருக்கும்போதே முட்டுது. தொண்டையப் பிடிச்சுக்கறா, நெஞ்ச இல்ல. சத்தம் மூச்ச உள்ள இழுக்கும்போது வருது. நின்ன ரெண்டு மூணு நிமிஷத்துல சரியாயிடுது. இன்ஹேலர் எடுத்தாலும் எடுக்காட்டியும் ஒரே மாதிரி.

இதுல ஒண்ணு கூட நான் 13ஆம் தேதி எழுதினதோட பொருந்தல. ஆஸ்துமா நின்ன பிறகு ஏறும், இது நின்னதும் இறங்குது. ஆஸ்துமாவோட விசில் மூச்ச விடும்போதுதான் அதிகம், இது இழுக்கும்போது. குரல்வளை ஓட்டத்தோட உச்சத்துல விரியறதுக்குப் பதிலா சுருங்கறதுன்னு ஒண்ணு இருக்கு. ஐரோப்பாவுல சாதாரணப் பிள்ளைகள வெச்சுப் பண்ணின ஆய்வுகள்ல வளரிளம் வயசுல நூத்துக்கு 5 முதல் 8 பேர்கிட்ட இது தெரிஞ்சிருக்கு. இதுக்காக டாக்டர்கிட்ட வர்றவங்கள்ல பொண்ணுங்க அதிகம். பாதிப் பேர் இன்ஹேலர மாத்தி மாத்தி அலைஞ்ச பிறகுதான் யாராவது தொண்டையப் பாக்கறாங்கன்னு நான் சொன்னா, அது கணக்கு இல்ல, என் ஆதங்கம்.

நார்வேயில பெர்கன் நகர்ல இதுக்குன்னே ஒரு சோதனைய உருவாக்கினாங்க. மூக்கு வழியா மெல்லிசான ஒரு கேமராக் குழாய விட்டுத் தலையில பொருத்தி, அப்படியே ட்ரெட்மில்ல ஓட வெச்சு, குரல்வளை சுருங்கறத ஓடும்போதே பாக்கறது. எல்லா இடத்துலயும் இந்த வசதி இருக்காது. ஆனா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட "இழுக்கும்போது சத்தம், நின்னா உடனே சரியாயிடுது"ன்னு இந்த ரெண்டு வாக்கியத்தச் சொன்னாலே அவங்களுக்குப் புரியும். அவ ஓடும்போது ஃபோன்ல வீடியோ எடுத்துக்கிட்டுப் போங்க, சத்தத்தோட.

ஆஸ்துமா இல்லவே இல்லன்னு நான் சொல்லல. ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். அதனாலதான் ஸ்பைரோமெட்ரியும் வேணும். இந்த வயசுப் பொண்ணுங்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் சகஜம், அதுலயும் மூச்சு வாங்கும். ரத்தச் சோதனையில அதையும் சேத்துக் கேளுங்க. ஓடும்போது மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தா இதயம் பாக்கற வரைக்கும் ஓட விடாதீங்க. உடம்பெல்லாம் தடிச்சுப் போய், உதடு வீங்கினா அது ஓட்டத்தால வர்ற கடும் ஒவ்வாமை, அப்ப ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காம ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க.

23 ஜனவரி, காலை 6:55

"அக்கா, நான் தினமும் ஜிம்முக்கு முன்னாடி நீல இன்ஹேலர் எடுக்கறேன். முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது. டோஸ ஏத்தலாமா?"

ஏத்தாதீங்க தம்பி. நான் அந்த வழியில போய்ப் பாத்துட்டேன். 32ஆவது வயசுல ஓட்டம் திரும்பக் கிடைச்ச சந்தோஷத்துல தினமும் ஓடினேன், தினமும் ரெண்டு பஃப். கவுண்டர்ல 200லேர்ந்து எண் குறையறதப் பாத்துட்டே இருந்தேன், நூறு நாள்ல ஒரு குப்பி காலி. நாலாவது மாசம் அதே ரெண்டு பஃப்புக்கு நெஞ்சு பாதிதான் திறந்துச்சு. சல்பூட்டமால தினப்படி எடுத்தா உடம்பு அதுக்குப் பழகிடும், காப்பு குறையும். அதவிட முக்கியம், தினமும் தேவைப்படுதுன்னா உள்ள வீக்கம் அடங்கலேன்னு அர்த்தம். நீல இன்ஹேலர் தசையத் தளர்த்தும், வீக்கத்தத் தொடாது. 2019லேர்ந்து ஜினாங்கற உலக ஆஸ்துமா வழிகாட்டியே, ஆஸ்துமா இருக்கிற பெரியவங்களும் வளரிளம் வயசினரும் நீல இன்ஹேலர மட்டும் நம்பி இருக்க வேண்டாம்னு சொல்லுது. வீக்கத்த அடக்கற இன்ஹேல் ஸ்டீராய்டு வேணும். பியூடசனைடுங்கற ஸ்டீராய்டும், குழாய விரிக்கற ஃபார்மோட்டராலும் சேந்த இன்ஹேலர ஓடறதுக்கு முன்னாடி எடுக்கற முறையும் இருக்கு. உங்களுக்கு எதுன்னு டாக்டர் சொல்லட்டும்.

ஸ்டீராய்டுன்னதும் பயப்படறீங்க, தெரியும். ஜிம்முல பேசிக்கற ஸ்டீராய்டு இது இல்ல. மைக்ரோகிராம் கணக்குல நேரா மூச்சுக்குழாய்க்குப் போறது. எடுத்த பிறகு வாயக் கொப்புளிச்சுத் துப்பிடணும், இல்லேன்னா நாக்குல வெள்ளை படியும், குரல் கம்மும். எனக்கு ஆறு வாரத்துல வித்தியாசம் தெரிஞ்சுது.

மாத்திரையா மாண்டெலூகாஸ்ட் குடுப்பாங்க, ஓட்டத்தால வர்ற இறுக்கத்துக்கு அது வேலை செய்யும். ஆனா மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம்னு வரலாம்னு 2020ல அமெரிக்க மருந்துத் துறை அதோட மருந்துக் குறிப்புல கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை போட வெச்சுது. பிள்ளைகளுக்குக் குடுக்கறவங்க தூக்கத்தையும் குணத்தையும் கவனிச்சுக்கிட்டே இருங்க.

25 ஜனவரி, இரவு 7:30

மைதானத்துல யாராவது இறுகி உக்காந்தா என்ன பண்றதுன்னு கேட்டாங்க. படுக்க வெக்காதீங்க. நேரா உக்கார வெச்சு, சட்டைய இறுக்கம் தளர்த்தி, நீல இன்ஹேலர ஸ்பேசர் வழியா ஒவ்வொரு பஃப்பா, அரை நிமிஷத்துலேர்ந்து ஒரு நிமிஷ இடைவெளியில, பத்து பஃப் வரைக்கும். ஒரு வாக்கியத்த மூச்சு விடாமச் சொல்ல முடியலேன்னா, உதடு நீலம் பாரிச்சா, எடுத்தும் கேக்கலேன்னா பத்து முடியற வரைக்கும் காத்திருக்காம ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு பஃப்பத் தொடருங்க. சத்தம் நின்னுபோச்சு, சரியாயிட்டான்னு நினைச்சுடாதீங்க. காத்தே போகலேன்னாலும் சத்தம் நிக்கும்.

2 பிப்ரவரி, இரவு 9:20

ஊக்கமருந்துச் சோதனை பத்தி ஒரு கல்லூரி வீரர். சல்பூட்டமால இன்ஹேலர்ல எடுத்தா அனுமதி உண்டு: 24 மணி நேரத்துல 1600 மைக்ரோகிராம், அதுலயும் எந்த 8 மணி நேரத்துலயும் 600க்கு மேல போகக் கூடாது. ஒரு பஃப் 100 மைக்ரோகிராம்னா எட்டு மணி நேரத்துக்கு ஆறு. அதே மருந்த மாத்திரையாவோ சிரப்பாவோ குடிச்சா தடை. இருமலுக்குன்னு யாராவது நீட்டற சிரப்ப லேபிள் படிக்காமத் தொடாதீங்க.

இதச் சொல்லும்போது ரிக் டிமோன்ட் ஞாபகம் வராம இருக்காது. 1972 மியூனிக் ஒலிம்பிக், 400 மீட்டர் நீச்சல், 16 வயசு அமெரிக்கப் பையன், விநாடியில நூத்துல ஒரு பங்குல ஜெயிச்சான். ஆஸ்துமாவுக்குச் சாப்பிட்ட மேராக்ஸ் மாத்திரையில எஃபெட்ரின்ங்கற தடை பண்ணின மருந்து இருந்துச்சு. மருந்து பேர அவன் படிவத்துல எழுதித்தான் குடுத்திருந்தான். அவனோட அணி அதிகாரிங்க அதச் சரிபாத்து முடிக்கல. தங்கத்தப் பிடுங்கிட்டாங்க, 1500 மீட்டர் இறுதிப் போட்டியிலயும் இறங்க விடல. அடுத்த வருஷம் பெல்கிரேட் உலகப் போட்டியில அதே 400 மீட்டர நாலு நிமிஷத்துக்குள்ள முடிச்ச முதல் மனுஷன் அவன்தான். அவன் மருந்து விவரத்த முறையாச் சொல்லியிருந்தான்னு அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஒத்துக்கிட்டது 2001ல. மெடல் திரும்பி வரல. எத்தன தடவ படிச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

அதே அமெரிக்க அணியில 1984ல ஓட்டப் பந்தயத்துக்கு முன்னாடியே எல்லாரையும் சோதிச்சாங்க. 597 பேர்ல 67 பேருக்கு பயிற்சியால வர்ற இறுக்கம். அந்த 67 பேர் கொண்டு வந்த பதக்கம் 41.

3 பிப்ரவரி, காலை 6:30

"ஓட்டப் பந்தயத்துக்கு முன்னாடி"ன்னு மேல எழுதினது தப்பு, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு முன்னாடின்னு இருக்கணும். அணியில எல்லா விளையாட்டுக்காரங்களும் அடக்கம்.

20 பிப்ரவரி, இரவு 8:15

உங்க பொண்ணோட ரிசல்ட் படிச்சேன். ஓட்டச் சோதனையில எஃப்.இ.வி.1 இறக்கம் 4 சதவீதம்தான். ஆஸ்துமா இல்ல. தொண்டை டாக்டர் வீடியோவப் பாத்துட்டு, கேமராவும் விட்டுப் பாத்துக் குரல்வளைதான்னு சொல்லிட்டார். இன்ஹேலர நிறுத்தியாச்சு. பேச்சுப் பயிற்சி நிபுணர்கிட்ட போறீங்க.

"பேச்சு நல்லாத்தானே வருது, எதுக்கு அவங்க?"ன்னு கேட்டிருக்கீங்க. குரல்வளையப் பழக்கறது அவங்க வேலை. தோளையும் நாக்கையும் தளர விட்டு, வயித்துலேர்ந்து மூச்சு இழுக்க, உதட்டக் குவிச்சு "ஷ்ஷ்"னு வெளிய விட, முதல்ல உக்காந்து, அப்புறம் நடந்து, அப்புறம் ஓடிக்கிட்டே சொல்லிக் குடுப்பாங்க. முட்டிடுமோங்கற பதற்றமே கழுத்த இறுக்கி இன்னும் முட்ட வெக்கும், அதையும் பிரிச்சு எடுப்பாங்க. பதற்றம்னு சொன்னதால அவ கற்பனை பண்றான்னு மட்டும் யாரும் வீட்டுல சொல்லிடாதீங்க. கேமராவுல சுருங்கினது தெரிஞ்சுது. எனக்கு 335 மாதிரி அவளுக்கு அந்த வீடியோ.

9 மார்ச், காலை 7:40

நேத்து அவ 800 மீட்டர முழுசா ஓடினான்னு நீங்க போட்டிருக்கிறதப் பாத்தேன். கடைசி வளைவுல ஒரு தடவ இழுத்துச்சு, வேகத்தக் கொஞ்சம் குறைச்சு "ஷ்ஷ்"னு மூணு மூச்சு விட்டு மறுபடி பிடிச்சுட்டான்னு எழுதியிருக்கீங்க. அந்த மூணு மூச்ச எங்க விட்டா, எத்தனாவது மீட்டர்லன்னு அவளையே ஒரு நோட்டுல எழுதி வெக்கச் சொல்லுங்க. அடுத்த தடவ அங்க வர்றதுக்கு பத்து மீட்டர் முன்னாடியே ஆரம்பிக்கலாமான்னு பேச்சுப் பயிற்சி நிபுணர்கிட்ட கேக்கலாம்.

நானும் இன்னிக்கு ஓடினேன். முன்னாடி 440. அஞ்சாவது நிமிஷம் 425. பத்தாவது 420. அரை மணியில 440.